வெள்ளிக்கிழமைக் கடிதம்

அப்பா எழுதிய 41 இன்லேண்ட் கடிதங்கள் என்னிடம் உள்ளன. அரக்கோணத்தில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்த அம்மாவுக்கு எழுதியவை. எல்லாவற்றிலும் தேதி உண்டு, கிழமை உண்டு. ஆண்டு மட்டும் இராது. அஞ்சல் முத்திரைகளும் மையூறி அழிந்துவிட்டன. அவற்றுள் ஒன்று 'மார்ச் 14, வெள்ளி' என்று தொடங்குகிறது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று அதில் கேட்கிறார். எந்தக் குழந்தை? 1974இல் பிறந்த அக்காவா, 1979இல் பிறந்த நானா?

பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டியும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கடிதங்கள் 41 ஆயிற்றே! மாணவன் ஒருவன் சொல்லிக்கொடுத்திருந்த சிறிதளவு பைத்தானை நம்பிக் கணினிமுன் அமர்ந்தேன். (கணினித்துறை நண்பர்கள் இங்கே சிரிக்கலாம்.)

பைத்தானில் நாள்களைக் கையாளும் தொகுதிக்கு 'டேட்டைம்' என்று பெயர். என் கோப்புக்கும் அதே பெயரைச் சூட்டினேன். 'டேட்டைமிலிருந்து டேட் என்பதை இறக்குமதி செய்ய இயலவில்லை' என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தது. பைத்தானை இருமுறை நீக்கி நிறுவினேன், பயனில்லை. ஒரு பகற்பொழுது கழிந்தபின்பே உண்மை விளங்கிற்று. ஓடும் நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கேதான் பைத்தான் முதலில் தொகுதியைத் தேடுகிறது. அங்கே அதே பெயரில் என் கோப்பு! என் நிரல் தன்னையே அழைத்து, தன்னிடம் இல்லாததைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கோப்பின் பெயரைக் 'கடிதம்' என்று மாற்றியதும் அப்பிழை அகன்றது. 3.13ஆம் பதிப்பு முதல், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைத்தானே குறிப்புத் தருகிறதாம். என்னிடம் இருந்தது பழைய பதிப்பு.

அடுத்தது வேறு குழப்பம். தொகுதியை இறக்குமதி செய்துவிட்டு, 'டேட்டைம்' என எழுதி அடைப்புக்குறிக்குள் ஆண்டு, மாதம், நாள் கொடுத்தேன். தொகுதியை இவ்வாறு அழைக்க முடியாது என்றது. டேட்டைம் என்னும் தொகுதிக்குள்ளேயே டேட்டைம் என்றொரு வகுப்பும் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் தஞ்சாவூர் இருப்பதுபோல. மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, வீடு போய்ச் சேரவில்லையே என்று நான் நொந்துகொண்டிருந்திருக்கிறேன். திங்கள் என்ற சொல்லுக்கு நிலவு, மாதம், கிழமை என மூன்று பொருள் சொல்லி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டாமா? 'டேட்டைம்' என்பதை நடுவே புள்ளியிட்டு இருமுறை எழுதினால் தீர்ந்தது. அல்லது தொகுதியை 'டிடி' என்ற சுருக்கப் பெயரில் இறக்குமதி செய்யலாம். நான் இரண்டாவதைக் கைக்கொண்டேன்.

திங்களைச் சுழியமாக வைத்து எண்ணுவதால் வெள்ளி நான்கு என்பதையும் கற்றுக்கொண்டு, 1965 முதல் 1985 வரை நிரலை ஓடவிட்டேன். மார்ச் 14 வெள்ளிக்கிழமையாக அமைந்த ஆண்டுகள் மூன்று: 1969, 1975, 1980. முதலாவதில் அப்பாவுக்குத் திருமணமே ஆகவில்லை. மற்றவை அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"அது என்னைப் பத்தித்தான்டா. உனக்கு ஒரு வயசு வரைக்கும் பல்லே வரலையே" என்றாள்.

"அதனால்தானே கேட்டிருக்கார்" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, மத்த நாப்பதையும் படி, கேக்கறேன்" என்றாள்.