வேப்பமரத்தடிக் கலெக்டர்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை. நம் தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஓர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கருங்கல் ஒன்று மேசை. காய்ந்த குச்சி பேனா. பூவரச இலைகள் மனுக்கள். கலெக்டராக வீற்றிருந்தாள் ஆறு வயதுச் சிறுமி. ஒருவன் டிரைவர், ஒருவன் டவாலி, மற்றவரெல்லாம் குறை சொல்ல வந்த குடிமக்கள். வரிசை தவறியவனைக் கண்டித்தாள். குழாயில் தண்ணீர் இல்லை என்றவளிடம், "நாளைக்கே வரும், போ!" என்று ஆணையிட்டாள். கோப்புகள் தேங்காத அலுவலகம்!

அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். அச்சிறுமியின் தாய் அத்தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் என்பதை அறிந்தவர் அவர். "கலெக்டராமில்ல! அப்போ உங்கம்மா துடைப்பத்தை யாருடி பிடிக்கிறது?" என்றார். சிரிப்பு எழுந்தது. சொல்ல நாணுகிறோம் — நம் உதட்டிலும் ஒரு புன்னகை ஓடி மறைந்தது. சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்தாள், எழுந்தாள், போய்விட்டாள். மறுநாள் ஆட்டத்தில் அவளைக் காணோம்.

சாதியைச் சாடி மேடைகளில் முழங்கிய நாம், மரத்தடியில் ஒரே நொடியில் தோற்றோம்! துடைப்பம் பிடிப்பது இழிவன்று. தெரு தூய்மையாயிருப்பது அந்தக் கைகளால்தான். ஆனால், தாய் பிடித்ததை மகளும் பிடித்தே தீரவேண்டும் என்று பிறக்கும்போதே எழுதிவைக்கிறார்களே, அதுவன்றோ இழிவு! அந்த எழுத்துக்கு நம் புன்னகையும் ஒரு சாட்சிக் கையெழுத்தாகிவிட்டது.

"விளையாட்டுத்தானே, இதற்கா இத்தனை வருத்தம்?" எனக் கேட்கும் தோழர்களும் இருக்கக்கூடும். விளையாட்டு வீண்பொழுது அன்று. ஒன்றை இன்னொன்றாகப் பாவித்து ஆடும் ஆட்டம், ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை குழந்தையின் சிந்தனை வளரும் வழி என்று காட்டினார் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாசே. உருசிய உளவியலறிஞர் விகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் இன்னும் ஆழமாகச் சென்றார். குச்சி குதிரையாகும்போது, கண்முன் கிடக்கும் பொருளின் பிடியிலிருந்து குழந்தையின் கருத்து விடுதலை பெறுகிறது. ஆட்டத்தின் விதிக்குத் தன் ஆசையை அடக்கவும் அது கற்கிறது என்றார். எண்ணிப் பாருங்கள்! 'இருப்பது இது, ஆனால் வேறாகவும் இருக்கலாம்' என்பதன்றோ இதன் பொருள்? அந்த எண்ணம் பிறக்காத உள்ளத்தில் சீர்திருத்தம் எங்ஙனம் முளைக்கும்?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. குழந்தை ஆடுவது தான் கண்ட உலகத்தைத்தான். அந்த உலகம் கோணலானால் ஆட்டமும் கோணும். நம் இலக்கியத்தையே பாருங்கள். பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களில், ஆண்பாற் பிள்ளை பிறர் கட்டிய சிற்றிலைச் சிதைப்பான், சிறுபறை முழக்குவான், சிறுதேர் உருட்டுவான். பெண்பாற் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். தேர் அவனுக்கு, ஊஞ்சல் அவளுக்கு! தமிழின் சுவையில் திளைக்கும் நாம், இந்தப் பங்கீட்டையும் சேர்த்தே போற்றவேண்டுமா?

ஆட்டத்தில் மட்டுமா பங்கீடு? ஆட்சியே அதைச் செய்ய முனைந்ததுண்டு. 1953இல் இராசகோபாலாச்சாரியார் அரசு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்புப் போதும், எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. மரத்தடிப் பெரியவர் கேட்ட கேள்வியேதான் அது, அரசாணை வடிவில்! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுக் கொதித்தெழுந்தது தமிழகம். பெரியாரின் திராவிடர் கழகம் களம் கண்டது. தி.மு.க. 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அதற்கெதிராகவே திரும்பியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த திங்களே திட்டம் கைவிடப்பட்டது. அன்று காக்கப்பட்டது பிள்ளைகளின் படிப்பு மட்டுமன்று, அவர்தம் கனவும்தான்.

கனவு மட்டும் போதாது, கதவும் திறக்கவேண்டும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியை ஆடவர் கல்லூரியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆணையால் கதவு திறந்தது. 1912இல் அவர் மருத்துவரானார். பின்னர்ச் சட்டமன்றம் புகுந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்த முறை சட்டத்தால் ஒழிந்த ஆண்டு 1947. ஒரு சிறுமிக்குத் திறந்த கதவு, எத்தனை சிறுமியரின் சிறைக்கதவைத் தகர்த்தது!

கல்லை நட்டுப் பூசாரி ஆட்டம் ஆடும் பிள்ளைகள், 'நீ என்ன சாதி?' என்று கேட்பதில்லை. வளர்ந்தோர் உலகம் கேட்டது. அர்ச்சகர் வேலைக்கான பரம்பரை உரிமையை ஒழிக்க 1970இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. பயிற்சி பெற்ற பல சாதியினரும் கோயில்களில் பணியமர்த்தப்பட்டது 2021 ஆகஸ்டு 14 அன்று. கடவுளை மறுக்கும் நாமும் அந்த உரிமைக்காக வாதாடினோம். ஏன்? பிறப்பு பூட்டிய எந்தக் கதவும் திறக்கப்படவேண்டியதே என்பதால்.

ஒரு வாரம் கழித்து, பூவரச இலை ஒன்றை ஏந்தி அச்சிறுமியின் வீட்டு வாசலில் நின்றோம். "கலெக்டரம்மாவிடம் ஒரு மனு" என்றோம். நிலைப்படியோரம் நின்று நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன மனு?" "சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டோம், மன்னிக்கவேண்டும்." இலையை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். "இன்னைக்கு ஆபீசு லீவு. நாளைக்கு வாங்க" என்றாள். அவள் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நகைத்தார்.

மறுநாள் போனோம். கல் மேசைக்குப் பின்னே அவள் இருந்தாள். நமக்கு முன்னே ஐந்து பேர். வரிசையில் நின்றோம்.

தோழர்களே! உங்கள் தெருவிலும் ஒரு மரம் இருக்கும், அதனடியில் ஓர் ஆட்டம் நடக்கும். அங்கே நின்று சிரிக்கும் பெரியவருக்கு மறுமொழி சொல்லுங்கள். நாம் அன்று சொல்லத் தவறிய மறுமொழி அது.