சிங்கி காலில் சேலத்துச் சிலம்பு

வீரகேரளம்புதூர் என்று முழுப் பெயரையும் சொல்லி டிக்கெட் கேட்டால், நாம் வெளியூர் என்று தென்காசி கண்டக்டருக்குத் தெரிந்துவிடும். “வி.கே.புதூர்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்று திருத்திவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பார். சாரல் காலத்தில் அந்தப் பக்கம் போவது ஒரு தனிச் சுகம். மழை தென்காசியோடு நின்றுகொள்ளும், காற்று மட்டும் கூடவே வரும். சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளுக்கு அந்த மாதங்களில் ஓய்வே கிடையாது.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் இந்த ஊருக்கு வருவதில்லை. ஆனால் அவர்கள் தலையில் விழுந்த தண்ணீர் வருகிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு கிழக்கே ஓடி, வீரகேரளம்புதூரில் அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. நான் எழுத நினைத்திருக்கும் கதையில் ஒரு குறத்தி இந்த ஆற்றங்கரை வழியாக நடந்து வருகிறாள். அவள் எங்கே கால் வைப்பாள், எங்கே கூடையை இறக்குவாள் என்று பார்க்கத்தான் நான் வந்தது.

இது ஜமீன் ஊர். ஜமீனுக்குப் பெயர் ஊற்றுமலை என்றாலும் அரண்மனை இருந்தது வீரகேரளம்புதூரில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருதயாலய மருதப்ப தேவர் ஜமீன்தாராக இருந்தபோது புலவர்களுக்கு இங்கே வாசல் திறந்தே கிடந்தது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவரது அவைப்புலவர். உ.வே.சாமிநாதையரும் விருந்தினராக வந்திருக்கிறார். ரெட்டியார் முப்பது வயதைக் காணாமலே போய்விட்டார், ஆனால் அவர் சிந்து கழுகுமலைக்குக் காவடி போகும் வழியெல்லாம் இன்றும் ஒலிக்கிறது. அந்தக் கழுகுமலை முருகனுக்கு மனைவி வள்ளி, மலைக் குறத்தி. அவளைச் சேர்த்துப் பாடுகிற புலவருக்கு அரண்மனையில் ஆசனம் உண்டு. பாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு குறத்தி கூடையோடு வந்து நின்றால் அதே வாசல் எவ்வளவு தூரம் திறந்திருக்கும்? நவநீதகிருஷ்ணன் கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டவை வெளிநாட்டு நாவல்கள் இரண்டு. ஒன்று, மெக்சிகோவின் லாரா எஸ்கிவெல் 2006இல் வெளியிட்ட ‘மலிஞ்சே’. 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸுக்கு அடிமைகளாகக் கொடுக்கப்பட்ட இருபது பெண்களில் ஒருத்தி மலிஞ்சே. நாவாட்டில் மொழியும் மாயா மொழியும் அவளுக்குத் தெரியும். மாயா மொழி அறிந்த ஸ்பானியர் ஒருவர் அவள் பேசுவதைக் கேட்டு கோர்த்தேஸுக்குச் சொல்வார். ஒரு பேரரசு விழுந்த கதையில் இரு தரப்புக்கும் நடுவில் நின்ற வாய் அவளுடையது. பிற்கால மெக்சிகோ அவளைத் துரோகி என்றது, அவள் பெயரையே வசவாக்கியது. அடிமையாகக் கைமாற்றப்பட்டவள் யாருக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது நாவல், பூர்வகுடி எழுத்தாளர் டெப்ரா மாக்பை எர்லிங் 2023இல் எழுதியது. அதன் நாயகி சகாகவியா. 1805இல் அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸ்–கிளார்க் குழுவோடு, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தையைச் சுமந்துகொண்டு போன ஷோஷோனி இனப் பெண். அவள் சொன்னது ஹிடாட்சா, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று வாய்மாறி வாய்மாறித் தளபதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கூட வந்த கணவனுக்குச் சம்பளமும் நிலமும் கிடைத்தன. அவளுக்கு ஒன்றும் இல்லை. 2000இல் அமெரிக்கா அவள் முகத்தை ஒரு டாலர் நாணயத்தில் அச்சிட்டது. காசு கொடுக்காமல் காசிலேயே பொறித்துவிட்டார்கள்!

நம் பக்கத்தில் இப்படி ஒருத்தி உண்டா? மொழிபெயர்த்துப் பிழைத்த ஆண்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்குச் செல்வமும் செல்வாக்கும் இருந்தன, 1736 முதல் கால் நூற்றாண்டு அவரே எழுதிவைத்த நாட்குறிப்பும் இருக்கிறது. பெண்ணைத் தேடினால் ஏட்டில் கிடைக்க மாட்டாள், பாட்டில்தான் கிடைப்பாள். எனக்குக் கிடைத்தவள் சிங்கி, குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி.

அந்த நூலை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். மேலகரம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில்தான் இருக்கிறது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்குப் பரிசாகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். கதை பலருக்கும் தெரிந்ததுதான். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, உலா வந்த குற்றாலநாதரைப் பார்த்து மயங்குகிறாள். குறிசொல்ல வருகிறாள் சிங்கி. நம் பாடப்புத்தகங்கள் இவளை அநேகமாக மலைவளம் பாடவைத்து அனுப்பிவிடும். அந்த மலைவளமும் லேசுப்பட்டதில்லை. அருவித் திரை வானம் வரை எழும்பி, சூரியனின் குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் அதில் வழுக்குகின்றன என்கிறாள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து மாய யதார்த்தம் வந்துவிட்டது என்று நம் சிற்றிதழ்கள் கொண்டாடியபோது, இது முந்நூறு வருஷமாக மேலகரத்தில் கிடந்தது.

எனக்கு முக்கியமானது அதற்கப்புறம் வருகிற பகுதி. சிங்கியின் கணவன் சிங்கன், பறவை பிடிக்கிறவன். பெண்டாட்டியைக் காணாமல் ஊர் ஊராகத் தேடி, கடைசியில் குற்றாலத்துத் தெருவில் கண்டுபிடிக்கிறான். சந்தோஷம் ஒரு கணம், பிறகு விசாரணை. சொல்லாமல் எங்கே போனாய் என்று தொடங்குகிறான். குறிசொல்லப் போனேன் என்கிறாள். அவன் கண் அவள் காலில் கிடக்கும் நகைமேல் போகிறது. காலில் என்ன விரியன் பாம்பு சுற்றிக் கிடக்கிறது என்கிறான். சேலத்து நாட்டில் குறிசொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். செத்த தவளையை ஏன் கட்டியிருக்கிறாய்? அது குற்றாலர் சந்நிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம், அதாவது சதங்கை. சுண்டு விரலில் பூச்சி சுருண்டு கிடக்கிறதே? கண்டி தேசத்தில் பெற்ற காலாழி. சேலைக்கும் கேள்வி உண்டு, அது திருநெல்வேலியார் தந்தது. கேட்கிறவர்கள் சிரிக்கும்படியாகத்தான் கவிராயர் அமைத்திருக்கிறார். காட்டுவாசிக்கு நகை தெரியாது என்கிற நகைச்சுவை. எனக்கென்னவோ அது அப்படிப் படவில்லை. நாலு தேசம் போய் வாயால் சம்பாதித்து வந்தவளிடம், அதை எப்படிச் சம்பாதித்தாய் என்று வீட்டு ஆண் கேட்கிற கேள்வி அது. சந்தேகப்பட்ட கண்ணுக்குத்தான் சிலம்பு விரியனாகத் தெரிகிறது.

என் கதைக்கு இந்த ஒரு இழை போதும். சிங்கி குறிசொன்ன ஊர்களில் அவளுக்குக் கொடுக்கப்பட்டது நகை மட்டும் இல்லை, அந்த ஊர்ப் பேச்சும்தான். சிலம்பை மாட்டினால் சேலத்துக்காரர் பேச்சு நாக்கில் ஏறும். காலாழி விரலில் இருக்கும்வரை சிங்களம் தெரியும். சந்நிதிப் பெண்களின் கெச்சம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜாடைகளை அவிழ்த்துக் கொடுக்கும். அவளை நம்புகிறவர்கள் பார்க்கையில் அவை வெறும் நகைகள். நம்பாதவன் பார்த்தால் உயிர்பெற்று நெளியும், கொத்தும். அப்போது அவள் அந்த மொழியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

கதை என்பதால் நூறு வருஷத்தை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. சிங்கி சிற்றாற்றைப் பிடித்து நடந்து வீரகேரளம்புதூர் அரண்மனைக்கு வருகிறாள். மலையில் தேனுக்கும் குங்கிலியத்துக்கும் வரி போட வந்த நாயக்கர் அதிகாரி ஒருபுறம், வரி என்றால் என்னவென்றே தெரியாத மலை மக்கள் மறுபுறம். நடுவில் இவள். மதுரை நாயக்கர்களின் வீட்டு மொழி தெலுங்கு. குறவர் பலரின் வீட்டுப் பேச்சிலும் தெலுங்கு கலந்திருக்கும். ஆகவே அதிகாரி தன் ஆளிடம் அவள் முன்னால் ரகசியம் பேசும்போது அவளுக்கு எந்த நகையும் தேவைப்படாது. அந்த இடத்தில் அவள் மலைக்காரர்களிடம் எதைச் சொல்கிறாள், எதை விழுங்குகிறாள் என்பது நாவலின் முடிச்சு. அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை.

மறுநாள் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் கடைவீதியில் நல்ல கூட்டம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறுகட்டி வைத்திருந்தார்கள். கையில் கோலும் இடுப்பில் பையுமாக ஒரு அம்மா நின்றிருந்தார். கேரளக் குடும்பம் ஒன்றை மலையாளத்தில் மடக்கி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நாத்தனார் சங்கதி வரை போய்விட்டார். அடுத்து வந்த இளைஞர் கும்பலுக்கு இந்தி. நடுவில் தன் பேத்தியைக் கூப்பிட்டு ஏதோ அதட்டினார். அது எனக்குப் புரியாத பேச்சு.

“ஏ, அங்கிட்டுப் போ, யாவாரத்தக் கெடுக்காத” என்றார் ஒரு கடைக்காரர்.

“போறேன் மொதலாளி. ஒங்க மொகத்துல எழுதியிருக்கறதச் சொல்லிட்டுப் போகட்டா?” என்றதும் கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

எத்தனை பாஷை தெரியும்மா என்று கேட்டேன். “காசு குடுக்கற பாஷ பூராந் தெரியும் சாமி.” பேத்தியிடம் பேசினது? “அது வீட்டுப் பேச்சு. வீட்டோட இருக்கட்டும்.”

கண்டி வரைக்கும் போய் வந்தவளின் அலைச்சல், ஒரு காலத்தில் சட்டத்தின் கண்ணில் குற்றமாகவும் இருந்தது. குறவர்களில் ஒரு பெரும்பகுதியினர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் போய்வந்த வியாபாரிகள். பிரிட்டிஷாரின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்த வியாபாரத்தை அழித்தன. அலைகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று பார்த்த 1871ஆம் வருஷக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, குறவர்களைப் பட்டியலில் போட்டது. 1947இல் இங்கே சட்டம் ரத்தானது, பார்வை ரத்தாகவில்லை. சினிமாவில் பாசிமணி ஊசிமணி விற்கிற நரிக்குறவரையும் குறவரையும் ஒன்றாகக் குழப்பினோம். இரண்டும் வேறு வேறு சமூகம், மொழியே வேறு. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது சிங்கிக்கு சபாவில் கைத்தட்டல் கிடைத்தது. ஊர்த் திருவிழா மேடையிலோ அவளை ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் ஆபாசத்துக்கு இழுத்து வைத்திருந்தோம். அந்தச் சமூகத்தார் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு 2023இல்தான் அதற்குத் தடை வந்தது.

ஆகவே இந்தக் கதையை நான் எழுதினாலும், எழுத வேண்டியவர் நான் இல்லை என்றே நினைக்கிறேன். எர்லிங்கின் சகாகவியா வேறு குரலில் பேசுவதற்குக் காரணம், எழுதியவர் அந்த மண்ணின் பூர்வகுடி என்பதுதான். சிங்கி குற்றாலநாதருக்காகப் பேசினாள், வசந்தவல்லிக்காகப் பேசினாள், கவிராயருக்காகவும் பேசினாள். வீட்டுப் பேச்சில் அவள் தனக்காகப் பேசுவதை எழுதக்கூடிய பெண் அந்தச் சமூகத்தில் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கக் கூடும். பதிப்பாளர்கள் அவரைத் தேடிப் போக வேண்டும். என் நகை விதி பிடித்திருந்தால் அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

சீசனுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றாலக் குறவஞ்சி சிறிய நூல், மலிவுப் பதிப்பே கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டால் சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்ளும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது பேருந்தில் படித்துவிடுங்கள். தென்காசியில் தொடங்கினால் மேலகரம் நிறுத்தம் வருவதற்குள் முடிந்துவிடும்.