நடந்து வருகிறவர்கள்



சென்ற ஆண்டு மருத்துவர் என் இரத்தச் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் மூன்று மாதம் நடந்து பாருங்கள் என்றார். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டுமென்பது வயது வந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. நானும் விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி வந்தேன். கைபேசியோ நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் கேட்டது. அந்த எண், 1960-களில் ஜப்பானில் விற்கப்பட்ட, அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது என்று பிற்பாடு அறிந்தேன். ஆயினும் எண்ணிக்கை குறைந்த இரவுகளில் வீட்டுக் கூடத்திலேயே நடந்து அதை நிறைவு செய்தேன். மறுநாள் காலையில், அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலயத்திற்கு ஸ்கூட்டரில் போனேன். நீங்கள் நகைப்பது எனக்குக் கேட்கிறது.

அந்த ஸ்கூட்டர் ஒரு வாரம் பட்டறையில் நின்றது. இரண்டு ஞாயிறுகளாக ஆராதனைக்கு வராத ஒரு தாயாரைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவர் ஓட்டேரியில் குடியிருக்கிறார். மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். வேப்பேரியிலிருந்து டவுட்டன் வழியாக ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நடந்தே போவோம், கணக்கிலும் சேரும் என்று புறப்பட்டேன்.

பூங்காவில் நடப்பது வேறு, நகரத்தில் நடப்பது வேறு என்பதை அன்றுதான் கண்டேன். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி கூறுகிறது. நான் நடந்த பாதையிலோ மின்மாற்றி ஓரிடம், நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள் ஓரிடம், பெயர்ந்த கற்பலகை ஓரிடம். ஒவ்வொரு முறையும் சாலையில் இறங்கி, பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் முழங்கால் உயரத்திற்கு ஏற வேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த அகன்ற நடைபாதையில் நானும் குடும்பத்தோடு உலாவியிருக்கிறேன். அங்கே கால்கள் தரையைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஓட்டேரி போய்ச் சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு வயது நாற்பத்தெட்டு. அந்தத் தாயாருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

கணுக்காலில் துணி சுற்றியபடி அவர் அமர்ந்திருந்தார். பேருந்தில் வரலாமே, பெண்களுக்குக் கட்டணமும் இல்லையே என்றேன். “படி உசரம் பாஸ்டர், முட்டி மடங்கல. நான் ஏறுறதுக்குள்ள எடுத்துடுறாங்க” என்றார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். “நேரத்துக்கு வரணும்னு நீங்க சொன்னீங்கல்ல... கொஞ்சம் வேகமா வந்தேன். கல்லு பேந்து கிடந்தத பாக்கல.”

குற்றஞ்சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. காபி போடட்டுமா என்று அடுத்த வார்த்தையில் கேட்டார்.

பிரியமானவர்களே, சில வாரங்களுக்கு முன் நான் பிரசங்க பீடத்திலிருந்து, முதல் பாடலுக்குப் பின் உள்ளே வருகிறவர்கள் கர்த்தருடைய நேரத்தைத் திருடுகிறார்கள் என்று கடிந்து பேசியிருந்தேன். பின்வரிசையைப் பார்த்தே பேசினேன். அவர் அங்கேதான் அமர்வார். ஞாயிறு காலைகளில் அந்தச் சாலையில் ஸ்கூட்டரில் அவரைக் கடந்தும் போயிருக்கிறேன், கண்டதாக நினைவில்லை. எம்மாவுக்குச் சென்ற சீஷர்களைப் பற்றி எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடந்து, அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களுடைய கண்களைப் பற்றியும் இருதயத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். கால்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

காபியைக் குடித்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, என்ன பாஸ்டர் இது” என்று எழுந்திருக்க முயன்றார். அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று சபையாரிடமும் கேட்டேன். அது கடினமாகத்தான் இருந்தது.

கால் ஆறிய பின், ஒரு சனிக்கிழமை மாலை ஜெபக் கூட்டத்திற்கு அவருடன் சேர்ந்து நடந்து வந்தேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இரண்டு இடங்களில் உட்கார்ந்தோம். மின்மாற்றி அருகே வந்ததும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இங்க கீழ இறங்கணும் பாஸ்டர். நீங்க இறங்குங்க, பின்னாடி வண்டி வருதான்னு நான் பாக்குறேன்.”