கட்டுச்சோறு

நிலத்தை அளப்பது ஒரு அதிகாரம். இதைச் சொல்ல எனக்குக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. எங்க தாத்தா வெட்டியான். சர்வே வந்தால் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் இழுத்துப் போனது அவர். வரப்பில் நின்று நோட்டில் எழுதியது கணக்குப்பிள்ளை. 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். ஒரு கழனியைப் பார்த்தாலே இத்தனை லிங்க் என்று தாத்தா சொல்லிவிடுவார். நோட்டில் என்ன ஏறியது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. 1980இல் கணக்குப்பிள்ளை பதவி ஒழிந்தது. நோட்டு ஒழியவில்லை. தாலுகா ஆபீஸ் அலமாரிக்குப் போனது, அவ்வளவுதான்.

பஞ்சமி நிலத்தின் கதையை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, 1892இல் வந்த அரசாணை, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தது, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். 'அ' பதிவேட்டில் டி.சி. நிலம் என்று இருக்கிறது, புலப்படத்தின் நகலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியாயிற்று. அந்தத் தாளில் இருக்கும் கோடு தரையில் எங்கே ஓடுகிறது? இதற்கு நம்மிடம் பதில் இல்லை. சர்வேயரிடம் போனால் இன்றைக்கு வா, நாளைக்கு வா.

புலப்படம் ஒன்றும் மந்திரமில்லை. வயலை முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு எழுதியிருப்பார்கள். பழைய படங்களில் அது லிங்க் கணக்கு. மூன்று பக்கமும் 300, 400, 500 லிங்க் என்றால் பரப்பு 60,000 சதுர லிங்க், அதாவது 60 சென்ட். ஆனால் இருபது முக்கோணம் உள்ள படத்தைக் கையால் போட்டால் கண் இருட்டும். எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன். பதினைந்து நாளில் பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதிவிட்டான். அளவுகளைக் கொடுத்தால் படம் வரையும், பரப்பு சொல்லும். எல்லைக்கல் மிஞ்சியிருக்கிற நாலைந்து இடத்தில் செல்போன் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்துக் கொடுத்தால், மீச்சிறு வர்க்க முறையில் பழைய படத்தை இன்றைய தரையோடு பொருத்திக் காட்டும். செல்போன் புள்ளி சில மீட்டர் பிசகும். கோர்ட்டில் இது சான்றாகாது. ஆனால் அரை ஏக்கர் பறிபோனதைக் கண்டுபிடிக்க சில மீட்டர் பிசகு ஒரு தடையில்லை.

"முடிஞ்சிச்சுண்ணா. பைதான் போட்டுக்கச் சொல்லு. நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், அப்புறம் திரைக்கு க்யூட்டி. நாலு பிப் இன்ஸ்டால், அவ்ளோதான்" என்றான்.

யாரிடம் சொல்ல? காலனியில் இதை இயக்கப் போவது மகளிர் குழுக் கணக்கு எழுதுகிற அக்கா. அவர் மகனுக்கு 2012இல் கிடைத்த இலவச மடிக்கணினி, விண்டோஸ் 7, 32 பிட். இணையம் என்பது மகனுடைய செல்போன், அதுவும் அவன் வீட்டில் இருக்கும்போது. "கணக்கு சரியா வருதுல்ல? மத்தது என் வேலை இல்லண்ணா" என்றான் தம்பி. அங்கேதான் எங்களுக்குச் சண்டை. எழுதியவன் கணினியில் மட்டும் ஓடுகிற நிரல், கணக்குப்பிள்ளை நோட்டைவிட எந்த விதத்தில் உசத்தி? அதற்கும் ஒருத்தன் வாசலில் போய்த்தான் நிற்கணும். அவன் நம்மாளாக இருக்கலாம், வாசல் வாசல்தானே. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, பைஇன்ஸ்டாலர்ல கட்டிப் பாக்கறேன்" என்றான்.

பைஇன்ஸ்டாலர் என்பது பொட்டலம் கட்டுகிற கருவி. நிரலைப் படித்து, அது எதையெல்லாம் 'இம்போர்ட்' செய்கிறதோ அவற்றையும், பைதான் இயக்கியையும், அடியில் கிடக்கும் டி.எல்.எல். கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ஈ.எக்ஸ்.ஈ. கோப்பாகத் தரும். வாங்குகிறவர் கணினியில் பைதான் இருக்க வேண்டியதில்லை. அக்காவிடம் இதை விளக்கியபோது, "கட்டுச்சோறு மாதிரின்னு சொல்லு. போற வழியில எவன்கிட்டயும் தண்ணிகூட கேக்கத் தேவையில்ல" என்றார்.

முதல் கட்டு, இந்த விண்டோஸுக்குப் பொருந்தாது என்று திருப்பியது. 64 பிட் கணினியில் கட்டியது அது. இந்தக் கருவி எந்த மாதிரிக் கணினியில் ஓட வேண்டுமோ அந்த மாதிரி பைதானை வைத்துத்தான் கட்ட வேண்டும். லினக்ஸில் கட்டி விண்டோஸுக்குக் கொடுக்கவும் முடியாது. 32 பிட் பைதானைத் தேடிப் போட்டுக் கட்டினான். இப்போது ஒரு டி.எல்.எல். காணவில்லை என்றது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி பைதான் 3.8தான். 3.9 முதல் ஓடாது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. பழசைப் புதுசாக்குகிறவர்களுக்கு அது செத்துப்போன கணினி. எங்க தெருவில் அதில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

3.8இல் கட்டினான். திறந்தது, பொருத்து என்று அழுத்தியதும் மூடிக்கொண்டது. சைபைக்குள் சில பகுதிகள் ஓடும்போது மட்டுமே அழைக்கப்படுகிறவை, வேறு மொழியில் எழுதி மாற்றப்பட்டவை. பைஇன்ஸ்டாலர் எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் சேர்க்கும், எழுத்தில் இல்லாதது அதற்குக் கிடையாது. (நமக்குப் பழகிய கதைதான்.) இன்னின்னதையும் சேர்த்துக்கொள் என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். கறுப்புத் திரையில் வரும் பிழைச் செய்தியை அக்கா போட்டோ பிடித்து அனுப்ப, தம்பி ஒவ்வொரு பெயராகச் சேர்த்தான். ஒன்பது தடவை.

அடுத்தது தமிழ். இதில் மட்டும் எனக்கு வேலை இருந்தது. படத்தில் 'மேற்கு' என்று எழுதினால் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. கணினி நினைவில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னால் தூக்கி வைப்பது எழுத்தை வரைகிற மென்பொருளின் பொறுப்பு. நாங்கள் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்புக்கு அது தெரியவில்லை. இங்கிலீஷ்லயே போட்டுடலாம் என்றான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. திசையும் பக்கத்து நிலத்துக்காரன் பெயரும் படிக்க முடியாத படம் காலனிக்கு எதற்கு? யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் கொம்பை முதலில் அடிப்போம், 'ம'வை அப்புறம். கண்ணில் தெரிகிற வரிசையே அடிக்கிற வரிசை. அப்படி ஒரு எழுத்துருவையும், யூனிகோடை அதற்கு மாற்றும் பட்டியலையும் பொட்டலத்தில் சேர்த்தோம். பட்டியல் நான் போட்டது. எம்.ஏ. தமிழ் படித்து இதற்காவது உதவியது.

எழுத்துருவைச் சேர்த்தும் முதலில் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் அது தன்னை ஒரு தற்காலிக அடைவில் விரித்துக்கொண்டுதான் ஓடும். அந்த அடைவின் பெயர் எம்.இ.ஐ. என்று தொடங்கும். தமிழ் படித்தவன் காதில் அது மெய் என்று விழுகிறது, வேலை முடிந்ததும் உதறிவிடுகிற மெய். எழுத்துருவை அங்கே தேடு என்று நிரலில் சொல்ல வேண்டும். சொன்னோம், வந்தது. ஆனால் அந்தப் பழைய கணினியில் விரித்து முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

இதற்குள் பக்கத்து ஊர் பிரௌசிங் சென்டரில் வைரஸ் தடுப்பான் அதை அழித்துவிட்டது. வைரஸ் எழுதுகிறவர்களில் சிலரும் பைஇன்ஸ்டாலரில் கட்டுவதால், அதில் கட்டிய எதுவானாலும் சந்தேகம். எவனோ ஒருத்தன் திருடினால் தெருவையே ஸ்டேஷனில் உட்கார வைக்கிற அதே சட்டம். மின்னஞ்சலில் இறக்கினால் விண்டோஸ் 10 'அறியப்படாத வெளியீட்டாளர்' என்று நீலத்திரை காட்டும். அறியப்பட்டவராக வேண்டுமானால் சான்றிதழ் வாங்க வருஷா வருஷம் காசு கட்ட வேண்டும். நாங்கள் கட்டவில்லை. ஒற்றைக் கோப்பை விட்டுவிட்டு ஒரு அடைவாகவே கட்டினோம், பென்டிரைவில் கைக்குக் கை கொடுத்தோம். நீலத்திரை வரவில்லை, தடுப்பானும் பெரும்பாலும் சும்மா இருந்தது. திறப்பதும் சீக்கிரம்.

கணக்குக்குப் பதினைந்து நாள். கட்டுவதற்கு இரண்டு மாதம். தம்பிக்கு அது வீணான காலம் என்று இன்னும் எண்ணம். நிரல் என்றால் என்ன என்பதில் அவனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, போக வேண்டியதுமில்லை.

அக்கா இதுவரை ஏழு சர்வே எண்ணுக்குப் படம் எடுத்திருக்கிறார். ஒன்றில் பதிவேடு 2 ஏக்கர் 40 சென்ட் என்கிறது. தரையில் நம்மவர்கள் கையில் இருப்பது 1 ஏக்கர் 65 சென்ட். படத்தை மனுவோடு வைத்துக் கொடுத்தோம். வாங்கிய ஆபீசில், "இத எந்தக் கம்பெனி போட்டுக் குடுத்தது?" என்று கேட்டார்கள். ரசீது மட்டும் கொடுத்தார்கள். சர்வேயர் இன்னும் வரவில்லை.

போன வாரம் அடுத்த வட்டத்துத் தோழர்கள் பென்டிரைவ் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய புலப்படங்களில் மறு அளவீட்டுக்குப் பிறகு எல்லாம் மீட்டர், ஹெக்டேர். நிரலில் லிங்க் மட்டும்தான் உண்டு. தம்பியிடம் சொன்னேன். மாற்றுவது பத்து நிமிஷம், திரும்பக் கட்டிச் சோதிக்க இரண்டு வாரம் என்றான். அக்காவின் மடிக்கணினியை அதுவரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.