உப்புக்காற்றும் சக்கரத்தின் நிறமும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் ஏ3 வீதியில் சிலாபத்தைத் தாண்டிவிட்டால், எதிரே வரும் பழைய கார்களில் எது உண்மையாகவே பேணப்படுகிறது என்பதைச் சக்கரங்கள் சொல்லிவிடும். மொறிஸ் மைனராக இருக்கலாம், பெட்டி லான்சராக இருக்கலாம். உடம்பு கண்ணாடிபோல் மின்னும். சக்கரத்தின் விளிம்பில் மட்டும் செங்காவி நிறத்தில் ஒரு வளையம் ஓடும்.

காரணம் கண்ணெதிரிலேயே கிடக்கிறது. முந்தலில் களப்பு, அதற்கப்பால் கடல். பாலாவியில் உப்பளங்கள். அங்கிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குத் திரும்பினால் ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் இந்து சமுத்திரம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஓயாமல் அடிக்கும். கற்பிட்டிக்குப் பட்டச்சறுக்கு வீரர்களை அழைத்துவருவதும், கரையோரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றுதான். அதுவே உப்பையும் சுமந்துவந்து இரும்பின் மீது படியவைக்கிறது.

பழைய கார் மீதான ஆசை இங்கே அண்மையில் ஒரு தேவையாகவும் மாறியது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கையில் இருந்ததைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் தேடுவது பலருக்கு வழக்கமானது. விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த காரோடு ஒட்டுறவு வந்தபின், அதை அழகுபடுத்தும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசை முதலில் தொடுவது பெரும்பாலும் சக்கரத்தைத்தான். முழு உடம்புக்கும் வர்ணம் பூச ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே காரின் முகம் மாறிவிடுகிறது.

இதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவது சரியல்ல. காரின் வரலாற்றில் நிறத்துக்குப் பெரிய இடம் உண்டு. சுபருவின் நீல உடம்பும் தங்க நிறச் சக்கரமும் 1993இலிருந்து ரலி ஓட்டத்தின் அடையாளமாயின. 1995இல் கொலின் மெக்ரே உலகப் பட்டம் வென்றது அந்த நிறக் காரில். மொறிஸ் மைனருக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார்தான் பிரித்தானியாவில் பத்து இலட்சத்தை எட்டிய முதல் கார். அதைக் கொண்டாட 1961இல் 350 கார்களுக்கு மட்டும் இளம் ஊதா நிறம் பூசினார்கள். அந்த ஊதா மைனர்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

ஆனால் புத்தளக் கரையில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்கு எது பிடிக்கிறது என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்தச் சக்கரம் அரிக்கத் தொடங்கினால், அது எனக்குத் தெரியுமா?

இரும்பின் துரு செம்பழுப்பு. வெள்ளையிலும் பாலாடை நிறத்திலும் அது கடுகளவு இருக்கும்போதே தெரியும். கறுப்பில் தெரியாது, வர்ணம் கொப்பளித்துக் கையோடு உரிந்து வரும்போதுதான் தெரியும். அலுமினியத்தின் அரிப்போ வெண்பொடி. அது வெள்ளியிலும் வெள்ளையிலும் ஒளிந்துகொள்ளும், கருஞ்சாம்பலிலும் வெண்கல நிறத்திலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இரும்பு ரிம்முக்கு வெளிர் நிறம், அலாய் ரிம்முக்கு அடர் நிறம். இளைஞர்களிடையே இப்போது எல்லாச் சக்கரத்துக்கும் கறுப்படிக்கும் மோகம் இருக்கிறது. அலாய்க்கு அது பொருந்தும். மைனரின் 14 அங்குல இரும்புச் சக்கரத்துக்குப் பொருந்தாது.

வெளிர் நிறத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நான்கு சக்கரங்களில் ஒன்றில் மட்டும் பிரேக் தூள் கூடுதலாகப் படிந்தால், அங்கே பிரேக் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கோடு வழிந்திருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வர்ணம் பூசுவதைவிடப் பூசுவதற்கு முன் செய்யும் வேலைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துருவை அகற்ற மணல் பீய்ச்சுவதானால் கடல் மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு இரும்பின் நுண்குழிகளில் தங்கி, புது வர்ணத்தின் அடியிலிருந்தே அரிக்கும். கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நன்னீர் நிற்கிறது. வறட்சியில் பல கிணறுகள் உவர்த்துவிடும். கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைநீர் மேல். நட் உட்காரும் கூம்புக் குழிகளில் தடிப்பாக வர்ணம் பூசினால், ஓட்டத்தில் அது நசுங்கி நட் தளரும். அந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பூட்டிச் சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

அலாய் ரிம் இரும்பு ஹப்பைத் தொடும் இடத்தில் உப்பீரம் புகுந்தால் இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, ரிம் ஹப்போடு இறுகிவிடும். நடுவழியில் டயர் காற்றுப்போனால் கழற்றவே முடியாது. ஹப் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் படலம் தடவினால் போதும். போல்ட் புரிகளில் மட்டும் கிரீஸ் படக் கூடாது.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டுக்கு உரிய காலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால், புரி தேய்ந்து மூட்டு கழன்று, சக்கரம் மடிந்து விழும். இது உலகெங்கும் மைனர் ஓட்டுபவர்கள் அறிந்த பலவீனம். எந்த நிறச் சக்கரமும் அதைத் தடுக்காது. பின் ஸ்பிரிங்குகள் தொங்கும் இடத்தையும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிகளையும் அதே தடவையில் பார்த்துவிடலாம். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. அந்தத் தகடுகள்தான் முழு உடம்பையும் தாங்குகின்றன.

உடப்பிலோ சிலாபத்திலோ கற்பிட்டியிலோ பழைய கார் வைத்திருப்பவர்கள் வர்ணக் கடைக்குப் போகும் முன் நான்கு சக்கரங்களையும் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். மே மாதக் காற்று தொடங்குமுன் ஒருமுறை, அது ஓய்ந்தபின் ஒருமுறை. நிறத்தை அதற்குப் பிறகு தீர்மானியுங்கள்.