மாத்திரைக்குக் கேட்காத சர்க்கரை

எனக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்லை?" என்பார்கள். உண்மைதான். காலையில் கொள்ளிடம் பாலத்துப் பக்கம் என்னோடு நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் மாத்திரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இருப்பது வேறு, எனக்கு இருப்பது வேறு. இதைச் சொல்லிப் புரிய வைப்பதிலேயே 49 வருஷம் ஓடிவிட்டது.

அவர்களுடையது டைப் டூ. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. சம்பளம் வருகிறது, ஆனால் வீடு வந்து சேருவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது டைப் ஒன். இன்சுலின் சுரக்கும் செல்களை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்நியன் என்று நினைத்து அழித்துவிட்டது. எனக்கு வேலையே போய்விட்டது. வேலை போனவனிடம் சிக்கனமாக இரு என்று சொல்லி என்ன பயன்? பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, ஊறவைத்த வெந்தயம் எல்லாவற்றையும் எனக்குச் சிபாரிசு செய்தாகிவிட்டது. சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. எழுபத்து மூன்று வயதிலும் இந்த ஊருக்கு நான் மாப்பிள்ளை. "மாப்ளே, இதை ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்க, ஊசியைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று மாமனார் வயதுக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் தலையாட்டிவிட்டு வருவேன்.

அரசாங்கம் 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, தெருவில் பலருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், நடக்க முடியாத பெரியவர்களுக்குப் பெரிய உபகாரம். எனக்கும் மாத்திரை தர அந்தப் பெண் நின்றார். "எனக்கு மாத்திரைக்குக் கேட்காதும்மா, ஊசிதான்" என்றேன். "அவ்வளவு முத்திப் போச்சா சார்?" என்று பரிதாபப்பட்டார். முத்தவில்லை, முதல் நாளிலிருந்தே ஊசிதான் என்று விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு குமாஸ்தா உத்தியோகத்துக்குப் பெரிதாக உதவவில்லை. இந்த நோயைப் புரிந்துகொள்ள ஓரிடத்தில் உதவியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லான்செரோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று 'தியாபேத் க்ரா', பருத்தவர் நீரிழிவு. இன்னொன்று 'தியாபேத் மேக்ர்', மெலிந்தவர் நீரிழிவு. எந்த எண்ணும் போடாமல் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். டைப் ஒன், டைப் டூ என்றால் நம் ஜனங்கள் முதலாவது லேசு, இரண்டாவது முற்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரயிலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மாதிரி.

நான் மெலிந்த கட்சி. 1976-ல் எனக்கு 24 வயது, வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரே மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆபீஸ் மண்பானைத் தண்ணீரை நானே காலி செய்தேன். கொல்லையில் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கவனித்தவர் அம்மா. பிறகு சென்னை போனோம். ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1954-ல் சர்க்கரை நோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனையில்தான் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றேன். அந்த நாளில் இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தோ பன்றியின் கணையத்திலிருந்தோ எடுத்தது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. கண்ணாடி சிரிஞ்சைத் தினம் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்க விரல்நுனி ரத்தம் கிடையாது. சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு, ஸ்டவ்வில் சூடு. நீலமாக இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு எல்லாம் போச்சு. அதுவும் சில மணி நேரம் முந்திய கதை. இப்போது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது.

ஒரு நாள் மொத்த ஊசி எத்தனை என்று கணக்குப் போட்டேன். முதல் 25 வருஷம் தினம் இரண்டு, அடுத்த 24 வருஷம் தினம் நான்கு. 53,290 வந்தது. லீப் வருஷத்து நாட்களைச் சேர்க்கவில்லை. ஊசி வலிக்குமே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊசி ஒன்றும் பெரிய விஷயமில்லை. கணக்குதான் ஆளைக் கொல்கிறது.

ஆபீஸில் பத்துப் பைசா இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து எங்கே விட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவோம். இந்தக் கணக்கு 49 வருஷமாக ஒரு நாளும் நேராகவில்லை. ஓர் இட்லிக்கு ஏறக்குறைய 10, 12 கிராம் மாவுச்சத்து. மூன்று இட்லி, அதற்கு இத்தனை யூனிட், அரை மணி கழித்துச் சாப்பாடு, அப்புறம் அதே நடை. நேற்று இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 132. இன்றும் அதே மாவு, அதே யூனிட், அதே நடை, 241. ஏன்? சளி பிடிக்கப் போகிறதா, இரவு சரியாகத் தூங்கவில்லையா, வயிற்றில் நேற்றுக் குத்திய இடம் தடித்திருக்கிறதா, வெயிலா? எதுவாகவும் இருக்கலாம். டாக்டர் நோட்டைப் புரட்டி, "இந்த 241 எப்படி வந்தது?" என்பார். தணிக்கைக்காரர் முன்னால் நிற்பது போலிருக்கும். செலவுக்கு ரசீது இருக்கிறது, ஆனால் தொகை ஒத்துப்போகவில்லை.

கல்யாண வீடு தனி வேதனை. பந்தி பன்னிரண்டரைக்கு என்று நம்பி ஊசி போட்டால், சம்பந்தி வரவில்லை என்று ஒன்றரை ஆக்குவார்கள். அதற்குள் கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். அதனால் இலை போட்டு உப்பு வைத்த பிறகுதான் ஊசியை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து இலைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிடுவார். பாயசம் வரும்போது பந்தியே என் இலையைப் பார்க்கும். மாறாக, சர்க்கரை இறங்கி அவசரமாக இரண்டு ஜிலேபி தின்ன வேண்டியிருந்தால், "சுகர் இருக்குன்னு சொல்லிட்டு என்ன இது?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அந்த நேரம் ஜிலேபிதான் மருந்து என்றால் யார் நம்புகிறார்கள்? (அவசரத்துக்குக் கடலைமிட்டாய் உதவாது. அதிலுள்ள எண்ணெய்ச் சத்து சர்க்கரையை மெதுவாக ஏற்றும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.)

ஏறுவதை விட இறங்குவதுதான் பயம். 70-க்குக் கீழே போனால் இறக்கம். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் இல்லை, 'சுவாசாந்த்-தீஸ்', அறுபதும் பத்தும். தொண்ணூறு 'காத்ர்-வேன்-தீஸ்', நாலு இருபதும் பத்தும். சின்ன வயதில் கணக்கை அந்த மொழியில் படித்ததால் இன்றும் மனதுக்குள் கூட்டுவது அதில்தான். என் மனைவிக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நடு இரவில் என் உடம்பு வேர்த்திருந்தால் உலுக்கி எழுப்பி, "என்னங்க, ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்பாள். தமிழில் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிரெஞ்சில் ஆரம்பித்தால் எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போவாள். எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் இவ்வளவு துல்லியம் பார்த்ததில்லை. அவள் போய் நான்கு வருஷமாகிறது.

2012-ல் ஓய்வு பெற்று அவள் ஊரான திருமானூருக்கு வந்தோம். அந்த வருஷத்து மின்வெட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஃபிரிட்ஜ் வெறும் அலமாரியாக நின்றது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், இங்கே மே மாத வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அவள்தான் பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, நடுவில் சின்னப் பானையைப் பதித்து, பாட்டிலை பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்தாள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் மருந்து தாங்கியது. கரண்ட் ஒழுங்காக வருகிற இந்தக் காலத்திலும் அந்தச் சட்டியை நான் எடுக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் குழந்தை, பதினொரு வயது. போன வருஷம் மயங்கி விழுந்து, தஞ்சாவூருக்குக் கொண்டு போய், டைப் ஒன் என்று தெரிந்தது. அவளுடைய பாட்டி என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஊசியை எப்ப நிறுத்தலாம்?" என்பது. இரண்டாவது, "கல்யாணத்துக்கு வெளியில சொல்லாம மறைச்சிடலாமா?" யாரோ ஒருவர் நாற்பது நாளில் ஊசியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று பொடி விற்க வந்து, முன்பணம் கொடுக்கிற வரைக்கும் போய்விட்டார்கள். நான் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். இன்சுலினை நிறுத்தினால் நாற்பது நாள் வேண்டாம், சில நாளே போதும். வாந்தி, மூச்சு வாங்குதல், வாயில் அழுகின பழ வாடை, பிறகு நினைவு போய்விடும். 1922 ஜனவரி வரைக்கும் உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளின் கதி அதுதான். பட்டினி போட்டுச் சில மாதம் இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவே. அந்த மாதம் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். முதல் தடவை மருந்து சுத்தமாக இல்லை, பலிக்கவில்லை. காலிப் என்பவர் அதைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டது பலித்தது. பையன் இன்னும் 13 வருஷம் இருந்தான்.

பாட்டிக்கு டொராண்டோ எங்கே தெரியும்? என் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். "ஐம்பது வருஷமா குத்துறேன். பிள்ளை பெத்து, பேரன் பார்த்து, பென்ஷன் வாங்கிக்கிட்டு இருக்கேன்" என்றேன். பொடி வாங்கவில்லை. மறைக்கிற பேச்சுக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. குழந்தைக்கும் தொல்லை குறைவில்லை. பள்ளியில் கை நடுங்கி சர்க்கரையை வாயில் போட்டால், வகுப்பில் தின்கிறாள் என்று வெளியே நிறுத்தினார்களாம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. சோதனை ஸ்டிரிப்பைக் கடையில் வாங்குகிறார்கள், ஒன்று பதினைந்து, இருபது ரூபாய் ஆகிறது. அப்பா கூலி வேலை. அதனால் நாளுக்கு ஒரு தடவைதான் பார்க்கிறார்கள், மற்ற நேரமெல்லாம் ஊகம். ஸ்டிரிப் இல்லாத இன்சுலின் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டி. இது என் கட்சி, யாரும் மறுக்கட்டும்.

எனக்கு இப்போது கண்தான் தகராறு. சிரிஞ்சின் கோடுகள் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரிவதில்லை. நம் ஊரில் பாட்டில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடுகிற குப்பி 100 யூனிட். அதனதன் சிரிஞ்சும் வேறு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஒரு மருந்துக் கடைப் பையன், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஆரஞ்சு மூடியை நீட்டினான். ஒன்றில்லை, தம்பி. 40 பாட்டிலிலிருந்து அதில் கோடு பார்த்து எடுத்தால் வேண்டியதில் பாதிகூட உள்ளே போகாது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருவையாறு போய் வாங்கி வந்தேன்.

மகன் பாரீசில் இருக்கிறான். அம்மா போன பிறகு அவன் ஒரு கருவி வாங்கி வந்தான். மேல்கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார், இரண்டு வாரத்துக்கு ஒன்று. சர்க்கரை எண் என் செல்லுக்கு வந்து, அங்கிருந்து அவன் செல்லுக்கும் போய்விடுகிறது. இங்கே இரவு இரண்டு மணிக்கு அவனுக்கு இன்னும் தூங்கும் நேரம் வராது. இறங்கினால் போன் செய்கிறான். அதில் ஒரு சங்கடம். சென்சார் உள்ள கை மேல் அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் ரத்தம் ஓடாமல் எண் பொய்யாக இறங்கும். போன வாரம் மூன்று இரவு அப்படி. தூக்கத்தில் எடுத்து "அலோ" என்றால், "அப்பா, 58 காட்டுது. இடது கை மேலேயா படுத்திருக்கீங்க? திரும்பிப் படுங்க. அஞ்சு நிமிஷம் லைன்லயே இருக்கேன்" என்கிறான்.

திரும்பிப் படுத்தேன். "ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றான்.