நாளும் கடதாசியும்

வேலை இழந்தவன் நியாயம் கேட்கப் பெரிய நீதிமன்றங்களின் படியேற இயலாதவன் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடுகள் நம் நாட்டில் சில உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957இல் திருத்தப்பட்டபோது பிறந்த தொழில் நியாய சபைகள் அவற்றுள் தலையானவை. தொழிலாளி தானே மனுச் செய்யலாம். அவனுக்காகத் தொழிற்சங்கமும் செய்யலாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் கட்டுகள் அச்சபைக்கு இல்லை. நீதியும் நியாயமும் எனத் தோன்றும் கட்டளையை அது பிறப்பிக்கலாம். ஏழைக்கு இசைந்த வாயில் என்றே நான் இதனை மதிக்கிறேன். அவ்வாயிலுக்கு மேலே உள்ள படிகளைப் பற்றியே இங்கு பேச்சு.

அனலைதீவில் எங்கள் அயலவர் ஒருவர் அக்கரையில் ஒரு நெல் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவர். ஒருநாள் மாலை, நாளை முதல் வரவேண்டாம் என்ற வாய்ச்சொல்லோடு அவர் வேலை போயிற்று. சபை அவருக்கு நட்டஈடு விதித்தது. மூத்த மகளின் கலியாணத்துக்கு அவர் நம்பியிருந்தது அந்தக் காசைத்தான். ஆலைக்காரர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்து அக்கட்டளையை நீக்குவித்தனர்.

சபைக்கு மனுச் செய்ய வேலை நீங்கிய நாளிலிருந்து 6 மாதம். சபையின் கட்டளைக்கு எதிராக மேல் நீதிமன்றம் செல்ல 30 நாள். அதுவும் சட்ட வினா ஒன்றின்மீது மட்டுமே. அதற்கும் மேலே, கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு எவரும் உரிமையோடு போய்விட முடியாது. மேன்முறையீட்டுக்கு முதலில் அனுமதி பெறவேண்டும். அனுமதி மனுவுக்கு 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் வைத்த எல்லை ஆறு கிழமை. மனுவோடு, எதிர்த்தரப்பாருக்கு அனுப்பவேண்டிய அறிவித்தல்களையும் பதிவகத்தில் ஒப்படைக்கவேண்டும்.

ஆறு கிழமை தாராளமாகத் தோன்றும். அனலைதீவிலிருந்து எண்ணிப் பாருங்கள். தீர்ப்பின் பிரதி எடுக்க ஊர்காவற்றுறைக்கு வள்ளம், அங்கிருந்து பண்ணை வழியே யாழ்ப்பாணத்துக்கு பஸ். கடல் கொந்தளித்தால் அந்த நாள் போயிற்று. பிறகு கொழும்பிலே ஒரு சட்டத்தரணியைத் தேடவேண்டும். அவருக்குக் காசு தேடவேண்டும்.

அயலவரின் மனு நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அறிவித்தல்கள் மட்டும் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்படவில்லை. எவர் மேசையில் தங்கினவோ, தெரியவில்லை. ஆலைத்தரப்பு எழுந்தவுடன் அந்த ஆட்சேபத்தையே எடுத்தது, மனு தள்ளுபடியாயிற்று.

"தம்பி, என்னை நிப்பாட்டினது சரியோ பிழையோ எண்டு அங்கை ஒருதரும் கேக்கேல்லையே" என்றார் திரும்பி வந்தபின்.

விதியை வெறுங்கொடுமை என்று தூற்ற எனக்கு மனம் வரவில்லை. மேன்முறையீடு செய்பவன் எப்போதும் தொழிலாளியே அல்லன். முதலாளி மனுவைப் போட்டுவிட்டு அறிவித்தல் அனுப்பாது கிடப்பில் விட்டால், வென்ற தொழிலாளி ஆண்டுக்கணக்கில் வெறுங்கையோடு காத்திருப்பான். அப்போது இதே விதி அவனுக்கு அரண். காசு கொடுக்குமாறு இட்ட கட்டளைக்கு எதிராக மேல் நீதிமன்றம் செல்லும் முதலாளி அத்தொகையைப் பிணையாகக் கட்டவேண்டும் என்பதும் அதே நோக்கில் வந்த ஏற்பாடுதான். ஆனால் காலத்துக்கு வந்த மனுவில் ஒரு கடதாசி பிந்தினால், பிந்தியதற்குச் செலவு கட்டச் சொல்லி வழக்கைக் கேட்பதில் என்ன கெட்டுவிடும்?

கால நீடிப்புக் கேட்டு விண்ணப்பிக்க அந்த விதிகளிலேயே இடம் உண்டு. அயலவரின் கோவையை நான் தாள் தாளாகப் புரட்டினேன். அத்தகைய விண்ணப்பம் எதுவும் அதில் இல்லை. புகையிலைத் தறையை ஈடு வைத்துத்தான் ஆவணியில் கலியாணம் நடந்தது.